செஸ் என்ஜினும் ஆட்டத் தொகுப்பும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கமிருந்து போட்டிகளுக்குப் போய்வரும் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மென்பொருளை நிறுவுவது எளிது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அதனால் அந்தப் பகுதிக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த மென்பொருள் வாங்க வேண்டும்? நிறைய செலவாகுமா?

செலவே இல்லாமல் தொடங்கலாம். முதலில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கப் பழகுங்கள். ஒன்று, நிலையைக் கணக்கிடும் என்ஜின். இரண்டாவது, பலகையைக் காட்டி நம்மை நகர்த்த விடும் நிரல். மூன்றாவது, ஆட்டங்களைச் சேர்த்து வைத்துத் தேட உதவும் டேட்டாபேஸ். கடைக்காரர் ‘செஸ் சாஃப்ட்வேர்’ என்று ஒரே பெயரில் சொல்வது இந்த மூன்றும் சேர்ந்ததாக இருக்கலாம், ஒன்று மட்டுமாகவும் இருக்கலாம்.

உலகின் மிக வலுவான என்ஜின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் முற்றிலும் இலவசம். 2008 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் திறந்த மூல நிரல் அது. இணையத்தில் செஸ் ஆடவும் ஆட்டங்களை அலசவும் உதவும் லிசெஸ் தளத்திலும் விளம்பரமோ கட்டணமோ கிடையாது, உலாவியிலேயே ஸ்டாக்ஃபிஷ் ஓடும். கணினியில் டேட்டாபேஸ் வேண்டுமென்றால் ஸ்கிட் வெர்சஸ் பி.சி., ‘என் குரோசான்’ (En Croissant) இரண்டும் இலவசம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வரும் செஸ்பேஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியது. கிராண்ட்மாஸ்டர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது அதைத்தான், அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் மாவட்ட, மாநில அளவில் ஆடும் பிள்ளைக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தை சென்னைப் போட்டிகளுக்கு ரயிலேறுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக்ஃபிஷை இறக்கித் திறந்தால் கருப்புத் திரைதான் வருகிறது. பலகையைக் காணோமே?

கோளாறு ஒன்றும் இல்லை. ஸ்டாக்ஃபிஷுக்குப் பலகை கிடையாது, அது வெறும் கணக்குப்பிள்ளை. பலகை நிரலும் என்ஜினும் பேசிக்கொள்ள யு.சி.ஐ. என்ற பொது நெறிமுறை 2000-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ஸ்கிட் அல்லது என் குரோசானில் என்ஜின்களைச் சேர்க்கும் இடத்துக்குப் போய், நீங்கள் இறக்கிய கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அவ்வளவுதான். அந்தக் கருப்புத் திரையை இனி திறக்கவே வேண்டாம்.

அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு விலையில்லா மடிக்கணினிதான் வீட்டில் இருக்கிறது. போதுமா?

தாராளமாகப் போதும். பழைய மடிக்கணினியில் சில நொடிகள் ஓடும் ஸ்டாக்ஃபிஷே எந்த மனித ஆட்டக்காரரையும்விட வலுவானது. இறக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் ஒவ்வொரு வகைப் பிராசஸருக்கும் தனித்தனிக் கோப்பாகக் கிடைக்கிறது. புதிய பிராசஸருக்கான கோப்பைப் பழைய இயந்திரத்தில் போட்டால் திறந்ததுமே மூடிக்கொள்ளும். அப்படி நடந்தால் மெஷின் போய்விட்டது என்று பயப்படாமல், பழைய வகைக்கான கோப்பை எடுத்துப் பாருங்கள்.

சூடும் ஒரு பிரச்சினை. என்ஜின் ஓடும்போது பிராசஸர் முழு மூச்சாக வேலை செய்யும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வீட்டு அறையில், அதுவும் மெத்தைமேல் மடிக்கணினியை வைத்து இரவு முழுக்க ஓடவிட்டால் காற்று போகும் வழி அடைபட்டு, இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். அப்புறம் ஓடவிட்டும் பிரயோசனம் இல்லை. மேசைமேல் வையுங்கள். என்ஜின் அமைப்பில் ‘த்ரெட்ஸ்’ (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) எண்ணிக்கையை இருப்பதைவிட ஒன்றிரண்டு குறைத்து வையுங்கள்.

கணினியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் டிராய்டுஃபிஷ் என்ற இலவசச் செயலி ஸ்டாக்ஃபிஷோடு வருகிறது.

+0.7 என்று காட்டுகிறது. வெள்ளை ஜெயிக்கும் என்று அர்த்தமா?

இல்லை. பெரும்பாலான பலகை நிரல்களில் கூட்டல் குறி வந்தால் வெள்ளைக்குச் சாதகம், கழித்தல் குறி வந்தால் கருப்புக்குச் சாதகம். எண்ணை ‘ஒரு சிப்பாய்க்கு ஒரு புள்ளி’ என்று படிப்பது பழைய வழக்கம். 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பிலிருந்து அளவுகோல் மாறிவிட்டது. இப்போது +1.00 என்றால், அந்த நிலையிலிருந்து ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடினால் வெள்ளை வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்று பொருள். ஆடுவது ஸ்டாக்ஃபிஷ் என்பதை மறக்கக் கூடாது. 1500 ரேட்டிங் (தரப்புள்ளி) பிள்ளைகள் இருவர் ஆடும் மேசையில் +0.7-க்கும் +0.2-க்கும் வித்தியாசம் தேடுவது வீண்.

நான் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான்: எண்ணைப் பார்க்காதே, எண் எங்கே தாவுகிறது என்று பார். +0.3-லிருந்து -2.1-க்குப் போன நகர்வில்தான் உனக்குப் பாடம் இருக்கிறது. +0.3-லிருந்து +0.1-க்கு வந்ததைப் பற்றிக் கவலைப்படாதே.

எவ்வளவு ஆழம் வரை ஓடவிட வேண்டும்?

என்ஜின் எத்தனை நகர்வு முன்னே பார்க்கிறது என்று காட்டும் ஆழம் என்ற எண்ணுக்குப் பலர் அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறார்கள். சாதாரண நடு ஆட்ட நிலைக்கு அரை நிமிடம் போதும். ஒரே நகர்வு வரிசையைக் காட்டாமல் மூன்று வரிசைகளைக் காட்டும்படி அமைத்துக்கொள்வது அதைவிடப் பயனுள்ளது. முதல் வரிசையின் எண்ணுக்கும் மூன்றாவது வரிசையின் எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், நீங்கள் ஆடியதும் சரியாகவே இருந்திருக்கலாம். முதல் வரிசை மட்டும்தான் தப்பிக்கவைக்கும், மற்றதெல்லாம் தோல்வி என்று காட்டினால் அங்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பையன் உடனே என்ஜினைப் போட்டுப் பார்க்கிறான். சரியா, சார்?

என்னிடம் கேட்டால், வேண்டாம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

ஆடும்போது பையன் மனதில் ஓடியது என்ன என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். எந்த நகர்வைப் பார்த்துப் பயந்தான், எதைக் கணக்குப் போட்டு விட்டுவிட்டான், எங்கே நேரம் போனது, எங்கே ‘ஜெயிச்சாச்சு’ என்று அசந்தான் என்பதெல்லாம் ஓரிரு நாளில் மறந்துபோகும். என்ஜினை முதலில் திறந்தால் ஒரே நிமிடத்தில் மறந்துபோகும். ஏனென்றால் விடை கண்முன்னே வந்துவிட்டது. ‘ஆமாம், நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும்.

அதனால் முதலில் ஸ்கோர்ஷீட்டை (ஆடும்போது நகர்வுகளை எழுதும் தாள்) பார்த்து ஆட்டத்தை மென்பொருளில் உள்ளிட வேண்டும், என்ஜினை அணைத்துவைத்துவிட்டு. பிறகு முக்கியமான ஐந்தாறு இடங்களில் தான் நினைத்ததைத் தன் வார்த்தையிலேயே எழுத வேண்டும். ‘இங்கே குதிரையைக் கொடுத்துத் தாக்கலாம் என்று பார்த்தேன், ராஜா ஜி8-க்குத் திரும்பினால் என்ன செய்வது என்று தெரியவில்லை, அதனால் விட்டேன்.’ இப்படி எழுதினால் போதும், அழகான நடையெல்லாம் வேண்டாம். சென்னையில் போட்டி முடித்துவிட்டு காட்பாடிக்குத் திரும்பும் ரயிலில் இதைச் செய்யலாம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கிடைக்கும், ஆட்டமும் மனதில் அப்படியே இருக்கும். எதிரே ஆடியவர் பேச விருப்பப்பட்டால், கிளம்பும் முன் அவரோடு உட்கார்ந்து பலகையில் ஆட்டத்தைத் திருப்பிப் பார்ப்பது இன்னும் நல்லது. எதிராளி என்ன நினைத்தார் என்பதை எந்த என்ஜினும் சொல்லாது.

இதெல்லாம் முடிந்த பிறகு, முடிந்தால் மறுநாள், என்ஜினைப் போடட்டும். தான் எழுதியதற்கும் என்ஜின் சொல்வதற்கும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே நிறுத்தி, ஏன் என்று பலகையில் நகர்த்திக் கண்டுபிடிக்கட்டும். என்ஜின் சொல்லும் நகர்வுக்கு எதிராகத் தனக்குத் தோன்றும் பதிலை ஆடிப் பார்த்து, அதை என்ஜின் எப்படி முறியடிக்கிறது என்று பார்ப்பதுதான் சிறந்த வழி. காரணம் புரிந்ததும், தன் பழைய குறிப்பை அழிக்காமல் அதற்குக் கீழே புதிய வரி சேர்க்க வேண்டும். முன்பு நினைத்ததும் இப்போது தெரிந்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அந்தத் தொகுப்புக்கு உயிர் இருக்கும்.

தானாகவே குறிப்பு எழுதும் வசதி இருக்கிறதே? ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா நகர்வுக்கும் ஆச்சரியக்குறி, கேள்விக்குறி போட்டுக் கொடுக்கிறது.

இருக்கிறது, தவறு எங்கே என்று வேகமாகக் கண்டுபிடிக்க உதவும். ஆனால் அது தவறு என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது.

ஒரு உதாரணம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் 14-வது ஆட்டம். வெள்ளையில் டிங் லிரன், கருப்பில் நம் குகேஷ். கருப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்வில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். தானியங்கிக் குறிப்பு அங்கே இரண்டு கேள்விக்குறி போட்டு, எண்ணைக் கீழே இறக்கிக் காட்டும், அவ்வளவே. ஒரு மனிதர் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்: ‘வெள்ளை மந்திரி (பிஷப்) ஏ8 மூலையில் நிற்கிறது. யானைகள் வெட்டுப்பட்டதும் கருப்பு தன் மந்திரியை டி5-ல் வைக்கிறது. மூலையிலிருக்கும் மந்திரிக்கு ஓட வேறு கட்டம் இல்லை, அதையும் மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். மிஞ்சுவது ராஜாவும் சிப்பாயும் மட்டும், அது கருப்புக்கு வெற்றி.’ 58-வது நகர்வோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார், குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். இந்த நான்கு வரிக் குறிப்பைப் படித்த பிள்ளை அடுத்த முறை மந்திரியை மூலையில் வைக்கும் முன் ஒரு நொடி நிற்பாள். இரண்டு கேள்விக்குறியைப் பார்த்தவள் நிற்க மாட்டாள்.

பி.ஜி.என். கோப்பு என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதையே கேட்கிறார்கள்?

ஆட்டங்களைச் சாதாரண எழுத்தாகவே பதிவு செய்யும் முறை அது. 1993-இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் என்பவர் வகுத்தது. இன்றுவரை எல்லா செஸ் மென்பொருளும் படிக்கும் பொது வடிவம் அதுதான். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். ஒவ்வொரு ஆட்டத்தின் மேலும் ஏழு தலைப்பு வரிகள் கட்டாயம்: போட்டி, இடம், தேதி, சுற்று, வெள்ளை, கருப்பு, முடிவு. நகர்வுகளுக்கு நடுவே நெளிந்த அடைப்புக்குள் குறிப்பு, சாதாரண அடைப்புக்குள் மாற்று வரிசை. ஆச்சரியக்குறி, கேள்விக்குறிகளுக்கு எண் உண்டு: நல்ல நகர்வு $1, தவறு $2, அபாரம் $3, பெருந்தவறு $4.

பல கோப்புகளை ஒன்றாக்க வேண்டுமென்றால் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினாலே போதும், நடுவில் ஒரு வரி இடம் விட்டு. எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் மாதம் ஒருமுறையாவது பி.ஜி.என். வடிவில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். மென்பொருள்கள் வரும் போகும், இந்த எழுத்துக் கோப்பை எங்கும் திறக்கலாம்.

குறிப்பைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், எழுத வேண்டும் என்றே சொல்வேன். பிள்ளை யோசித்த மொழியில் எழுதினால்தான் யோசித்தது முழுக்க வெளியே வரும். தெரியாத ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ‘குட் மூவ்’, ‘பேட் மூவ்’ என்பதற்கு மேல் நகராது.

தொழில்நுட்பத்தில் ஒரு சிக்கல் உண்டு. பி.ஜி.என். விதிகள் எழுதப்பட்ட காலத்தில் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மட்டுமே மனதில் வைத்திருந்தார்கள். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யு.டி.எஃப்-8 முறையில் சேமிப்பதால் தமிழ் அப்படியே வரும். லிசெஸ் ஸ்டடியில் (ஆட்டங்களைக் குறிப்போடு சேர்த்து வைக்கும் இடம்) தமிழ்க் குறிப்பு சிக்கலில்லாமல் வேலை செய்கிறது. பழைய பதிப்புகளில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோ மாறிவிடும். எனவே ஒரே ஒரு ஆட்டத்தில் இரண்டு வரி எழுதி, சேமித்து, மூடி, மீண்டும் திறந்து பாருங்கள். சரியாக வந்தால் தொடருங்கள். நகர்வுகளை மட்டும் வழக்கமான ஆங்கில எழுத்துக் குறியீட்டிலேயே விடுங்கள், அதை மாற்றினால் மென்பொருளுக்குப் புரியாது.

ஒரே ஆட்டக்காரர் என் தொகுப்பில் மூன்று பேராக வருகிறாரே?

இனிஷியல் வைக்கும் நம் ஊர் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் வரும் தொல்லை இது. மேற்கத்திய முறையில் குடும்பப் பெயர், காற்புள்ளி, சொந்தப் பெயர் என்று போகும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். குகேஷையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ‘டி’ அப்பா பெயரல்ல, குடும்பப் பெயர்; ஆனாலும் குழப்பம் அதேதான். ‘டி. குகேஷ்’, ‘குகேஷ் டி’, ‘டொம்மராஜு குகேஷ்’ என்று மூன்று விதமாகவும் கோப்புகளில் இருக்கும். மென்பொருளுக்கு அவர்கள் மூன்று தனி மனிதர்கள். ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் வராது.

உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டியலில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளில், அதே வரிசையில் வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. பிள்ளைக்கு ஃபிடே எண் வந்துவிட்டால் அதையும் தலைப்பு வரியில் சேருங்கள், பெயர் எப்படிப் போனாலும் எண் மாறாது. ஸ்கிட்டில் பெயர்களைத் திருத்தி ஒன்றாக்கும் வசதியும், இரட்டிப்பாக வந்த ஆட்டங்களைக் கண்டுபிடித்து நீக்கும் வசதியும் இருக்கின்றன. நீக்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் உங்கள் குறிப்பு இருக்கலாம். குறிப்பு உள்ளதை வைத்துக்கொண்டு வெறும் பிரதியை நீக்க வேண்டும்.

இடத்தின் பெயரிலும் இதே குழப்பம்தான். 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டங்களானபின், அதே வாலாஜாவில் நடந்த போட்டியை ஒரு வருடம் வேலூர் என்றும் அடுத்த வருடம் ராணிப்பேட்டை என்றும் குறித்திருப்பார்கள். மாவட்டத்தை விடுங்கள், ஊர்ப் பெயரைப் போடுங்கள்.

தொகுப்பை எப்படிப் பிரித்து வைப்பது?

மூன்று தொகுப்புகளுக்கு மேல் வேண்டாம். சொந்த ஆட்டங்கள் ஒன்று. ஓப்பனிங் (தொடக்க நகர்வுகள்) தயாரிப்பு ஒன்று. மற்றவர்கள் ஆடியதில் பிடித்தவை, படிக்க வேண்டியவை ஒன்று. வருடத்துக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டே போனால் தேடும்போது எதிலும் கிடைக்காது. டேட்டாபேஸே தேதி வாரியாக, போட்டி வாரியாக வடிகட்டிக் கொடுக்கும்.

லிசெஸ் ஸ்டடி போதுமா, டேட்டாபேஸ் தனியாக வேண்டுமா?

ஆரம்பத்தில் ஸ்டடியே போதும். ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயங்கள் வரை வைக்கலாம், அம்புக்குறி போடலாம், பயிற்சியாளரை உள்ளே அழைத்து ஒரே பலகையில் பேசலாம். வெளியிலிருந்து யாரும் பார்க்காதபடி தனிப்பட்டதாக அமைக்க மறக்காதீர்கள். பிள்ளையின் ஓப்பனிங் தயாரிப்பு முழுவதையும் பொதுவில் வைத்துவிட்டு, அடுத்த போட்டியில் எதிராளி அதற்குத் தயாராக வந்தால் வருத்தப்பட்டுப் பயனில்லை.

‘இரண்டு யானை, எதிரே யானையும் குதிரையும் இருந்த என் ஆட்டங்கள் எவை?’ ‘இந்தச் சிப்பாய் அமைப்பில் என் முடிவுகள் எப்படி?’ என்றெல்லாம் கேட்கத் தொடங்கும்போது டேட்டாபேஸ் வேண்டியிருக்கும். நூறு ஆட்டங்களைத் தாண்டும் வரை அந்தத் தேவை வராது.

கோடி ஆட்டங்கள் உள்ள பெரிய டேட்டாபேஸ் வாங்கலாமா?

செஸ்பேஸின் மெகா டேட்டாபேஸில் ஒரு கோடிக்கும் மேல் ஆட்டங்கள் உண்டு. அவற்றில் குறிப்போடு இருப்பவை சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதிதான் விலைமதிப்புள்ளது என்பது என் கருத்து. சமீபத்திய ஆட்டங்கள் மட்டும் போதும் என்றால், மார்க் கிரௌதர் 1994 முதல் நடத்திவரும் ‘தி வீக் இன் செஸ்’ வாரந்தோறும் புதிய ஆட்டங்களை இலவசமாகத் தருகிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு அதுவே அதிகம்.

எண்ட்கேம் டேபிள்பேஸ் என்கிறார்களே, அதை இறக்கிக்கொள்ளலாமா?

பலகையில் சில காய்களே மிஞ்சியிருக்கும் நிலைகளுக்கு வெற்றி, தோல்வி, டிரா என்று ஐயமில்லாத விடையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பது டேபிள்பேஸ். இப்போது பரவலாக இருப்பது ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி. ராஜாக்களையும் சேர்த்து ஐந்து காய் வரையிலானது ஏறக்குறைய 1 ஜி.பி., ஆறு காய் ஏறக்குறைய 150 ஜி.பி., 2018-இல் முடிந்த ஏழு காய்த் தொகுப்போ 18 டி.பி.க்கும் மேல். ஐந்து காய் வரை இறக்கிக்கொள்ளுங்கள். ஏழு காய் வரை லிசெஸ் பகுப்பாய்வுப் பலகையிலேயே இலவசமாகக் கிடைக்கிறது, இணையம் இருந்தால் போதும்.

போட்டி அரங்கில் ஸ்கோர்ஷீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா?

ஆட்டம் நடக்கும்போது அரங்கில் அனுமதியில்லாமல் கைபேசி வைத்திருப்பதே ஃபிடே விதிப்படி குற்றம், ஆட்டமே போய்விடலாம். ஸ்கோர்ஷீட் அமைப்பாளருக்குச் சொந்தம் என்பதும் விதி. கார்பன் பிரதி கொடுத்தால் அதைப் பத்திரமாக எடுத்து வாருங்கள். பிரதி இல்லையென்றால் ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) கேட்டு, தாளில் பார்த்து எழுதி வாருங்கள். கையெழுத்துத் தெளிவில்லாமல் மென்பொருளில் ஏற்ற முடியாமல் போகும் ஆட்டங்கள்தான் அதிகம் தொலைகின்றன, அதனால் ‘பி’யும் ‘டி’யும் வேறுபடும்படி எழுதப் பழக்குங்கள்.

டேட்டாபேஸை பென்டிரைவில் நகல் எடுத்தேன். வேறு கணினியில் திறந்தால் ஆட்டங்கள் இல்லை. ஏன்?

ஒரு கோப்பை மட்டும் எடுத்திருப்பீர்கள். ஸ்கிட்டின் ஒரு டேட்டாபேஸ் என்பது ஒரே பெயரில், வேறு வேறு பின்னொட்டோடு இருக்கும் மூன்று கோப்புகள். செஸ்பேஸில் இன்னும் அதிகம், நகர்வுகள் ஒன்றில், குறிப்புகள் இன்னொன்றில், ஆட்டக்காரர் பெயர்கள் வேறொன்றில் இருக்கும். அதே பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். செஸ்பேஸ் என்றால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித்தரும் காப்பக வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பி.ஜி.என். ஆக ஏற்றுமதி செய்து, அந்த ஒரு கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். நகல் எடுத்ததும் வேறொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்து, கடைசியாக எழுதிய குறிப்பு அதில் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.